அர்ரேயில் இடம் தேடப் போய் நான் பட்ட பாடு

பாஷில் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஒரு ஷெல்) ஒரு பெயர் அர்ரேயில், அதாவது 0-இலிருந்து எண் போட்ட பட்டியலில், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லத் தனிக் கட்டளை கிடையாது. லூப் போட்டு ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும். அதில் நான் பட்டதை எழுதுகிறேன். நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

கிளைகளின் பில்லிங் பேக்கப்பை இரவில் எடுக்கும் ஸ்கிரிப்ட் என் பொறுப்பில் இருந்தது. ஒரு அர்ரேயில் கிளைக் குறியீடுகள், இன்னொன்றில் அதே வரிசையில் ஃபோல்டர்கள். முதலாவதில் குறியீட்டின் இடத்தைக் கண்டுபிடித்து, அதே எண்ணால் இரண்டாவதில் ஃபோல்டரை எடுக்க வேண்டும். தேடும் ஃபங்ஷன் அந்த எண்ணை ரிட்டர்ன் மூலம் அனுப்பும். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் கிளைகள் கூடின. ஒருநாள் காலையில் ஐந்தாவது கிளையின் ஃபோல்டரைத் திறந்தால், உள்ளே வேறு ஊர்க் கிளையின் பில்கள். லாகில் புதுக் கிளைக்கு நேராக 'இடம்: 4' என்று இருந்தது. அர்ரேயில் அது இருந்ததோ 260-இல். அரை நாள் அர்ரேயையே சந்தேகப்பட்டேன். 260-இல் 256 போனால் 4 என்று தாளில் கழித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ரிட்டர்ன் இருப்பது வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்ல. அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். தாண்டினால் மறுபடி 0-இலிருந்து தொடங்கிவிடும், எரர்கூட வராது. இப்போது எண்ணை எக்கோ செய்து (அச்சிட்டு), கூப்பிடும் இடத்தில் ஒரு வேரியபிளில் பிடித்துக்கொள்கிறேன். கிடைத்ததா இல்லையா என்பதற்கு மட்டும் ரிட்டர்ன்.

—

எனக்கு நேர்ந்தது வேறு. சர்வர் பெயர்கள் இருந்த அர்ரேயின் நடுவில் ஒன்றை அன்செட் செய்தேன், அதாவது நீக்கினேன். பாஷ் மற்றவற்றை முன்னால் நகர்த்தாது, அந்த எண் காலியாகவே கிடக்கும். ஆனால் மொத்த எண்ணிக்கை ஒன்று குறைந்துவிடும். 0-இலிருந்து எண்ணிக்கைக்கு ஒன்று குறைவான எண் வரை ஓடிய என் லூப் கடைசி சர்வரைத் தொடவே இல்லை. ஒரு வாரம் அதற்கு அப்டேட் போகவில்லை. அன்றிலிருந்து அர்ரேயின் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு, உண்மையில் இருக்கும் இன்டெக்ஸ்களை (இட எண்களை) மட்டும் வாங்கித்தான் லூப் ஓட்டுகிறேன். இன்னொன்று: இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒப்பிடும்போது வலப்பக்க வேரியபிளுக்கு மேற்கோள் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அதில் நட்சத்திரக் குறி வந்தால் எதுவும் பொருந்திவிடும்.

—

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் ஓஎஸ் பதிப்பிலிருந்து அதில் இயல்பான ஷெல் இசட்ஷெல். அங்கே அர்ரே 1-இலிருந்து தொடங்கும். பாஷுக்கு எழுதியதை அப்படியே ஓட்டியதில் எனக்கு எல்லாமே ஓர் இடம் தள்ளிப் போனது. இசட்ஷெல்லில் சின்ன எழுத்து 'i' என்ற கொடியை (flag) வைத்து லூப் இல்லாமலே இடம் தேடலாம். பெயர் இல்லாவிட்டால் அர்ரேயின் நீளத்தைவிட ஒன்று கூடுதலாக வரும். அதைச் சோதித்துவிட்டு மேலே போங்கள்.

முதலில் எழுதிய அண்ணனுக்கு: குறியீடும் ஃபோல்டரும் ஜோடி என்றால் இடமே தேட வேண்டாமே. பாஷ் 4-இல் அசோசியேட்டிவ் அர்ரே இருக்கிறது. குறியீட்டைக் கொடுத்தால் ஃபோல்டர் நேராகக் கையில் வரும். மேக்கோடு வரும் பாஷ் மட்டும் இன்னும் 3.2, அதில் இது ஓடாது.