மொசார்ட்டின் ‘ஆவே வேரும்’ பாடியவர்கள், கேட்டவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டெனர் வரிசை:
கொயரில், அதாவது கோயில் பாடகர் குழுவில், இருப்பவர்களுக்கு இந்த லத்தீன் நற்கருணைப் பாட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எங்கள் பங்கில் ஓர் அடக்கப் பூசை, இறந்தவர் எங்கள் கொயரிலேயே பல வருடம் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடிய தாத்தா. அதனாலோ என்னவோ கொயர் மாஸ்டர் வழக்கத்தைவிட மெதுவாக எடுத்தார், பாருக்கு (தாளக் கட்டம் ஒன்றுக்கு) நான்கு அடி, ஒவ்வொரு அடியையும் கையால் அழுத்தி அழுத்தி. மொத்தமே 46 பார்தான். ஆனால் கடைசி ‘இன் மோர்த்திஸ்’ (மரண வேளையின்) வந்தபோது ஒருவரிடமும் மூச்சு இல்லை. அந்த ‘மோர்’ எவ்வளவு இழுபடும் என்று தெரியுமே, அங்கே மேல்குரல் பாடும் சொப்ரானோக்கள் ஒவ்வொருவராக நின்றுபோக, பள்ளியில் படிக்கிற ஒரு பெண்ணின் குரல் மட்டும் தனியாக மேலே போய் இறங்கியது. மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. பூசை முடிந்து வீட்டார் வந்து, “கடைசியில் அந்த சோலோ வைத்தீர்களே, அப்பாவுக்குப் பிடித்திருக்கும்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் என்ன சொல்வது, தலையாட்டினோம். நன்றாக இருந்ததா, சொதப்பலா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஆல்டோ அக்கா:
தம்பி, அது அழுகைப் பாட்டே இல்லை. 1791 ஜூனில் மனைவி சிகிச்சைக்குத் தங்கியிருந்த, வியன்னா பக்கத்திலுள்ள பாடன் ஊருக்குப் போனபோது, அங்கே கோயிலில் கொயர் நடத்திய ஆன்டன் ஷ்டோலுக்காக மொசார்ட் எழுதிக் கொடுத்தது. நற்கருணைப் பெருவிழாவுக்கு. சுருதி டி மேஜர். அதே வருடம் டிசம்பரில் அவர் இறந்துபோனதால் எல்லோரும் இதில் துக்கத்தை ஏற்றிவிட்டார்கள். அடாஜியோ, மெதுவாக, என்று போட்டிருப்பது உண்மைதான், ஆனால் பக்கத்தில் தாளக் குறியாக இருக்கும் ‘சி’யைக் கோடு வெட்டியிருக்கும், பார்த்தீர்களா? பாருக்கு இரண்டு அடி. நான்காக எண்ணினால் மூச்சும் போகும், சுருதியும் போகும்.

சுருதி போனதற்கு நானே சாட்சி. ‘வேரே பாஸ்ஸும்’ பாடும்போது கரண்ட் போய் கீபோர்டு செத்தது. நிறுத்தாமல் பாடினோம். ‘ப்ரோ ஹோமினே’ முடிந்து வாத்தியம் மட்டும் வருகிற இடத்துக்குச் சரியாக ஜெனரேட்டர் வந்தது, கீபோர்டு வாசிக்கிற பையன் ஆசையாக ஏ மேஜரில் கை வைத்தான். நாங்கள் முழுசாக அரை ஸ்வரம் கீழே இருந்தோம். பூசை வைத்த சாமியாரே நிமிர்ந்து பார்த்தார். பையன் முகம் மாறாமல் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டி எங்களோடு கீழே வந்துவிட்டான். டி மேஜரில் தொடங்கிய பாட்டை டி ஃபிளாட்டில் முடித்தோம்.

கச்சேரிப் பித்து:
நான் கொயர் ஆள் இல்லை, தோழி கூப்பிட்டாள் என்று போனேன். டி-யை ச என்று வைத்துக்கொண்டு, சரி, சங்கராபரணம்தான் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது ‘ஆவே’யில் சொப்ரானோ பஞ்சமத்திலிருந்து சங்கராபரணத்தில் இல்லாத பிரதி மத்யமம், அங்கிருந்து நேராக சுத்த மத்யமம்! கீழே பேஸ் ச-வை விடவே இல்லை. சபாவில் இரண்டு மத்யமத்தையும் இப்படி ஒட்டிப் பிடித்தால் பக்கத்து சீட்டு மாமா எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார். எனக்கு முதுகில் சிலிர்த்தது. அதற்குப் பிறகு நடுவில் ச-வே நகர்ந்த மாதிரி இருந்ததே, அது என்ன இடம்?

ஆல்டோ அக்கா:
‘கூயுஸ் லாத்துஸ்’, ஈட்டியால் விலாவைக் குத்துகிற வரி. எஃப் மேஜருக்குப் போய், டி மைனரைத் தொட்டுவிட்டுத் திரும்பும். நீங்கள் சொன்ன அந்த இரண்டு மத்யமத்தில்தான் எங்கள் சுருதி முதலில் வழுக்கும், ஏனென்றால் இறங்கும் அரை ஸ்வரத்தை எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே இறங்குவார்கள்.

பேஸ் மாமா:
ஒரு கல்யாணத்தில் பாடினோம், மாப்பிள்ளை தூங்கிவிட்டார். அது கிடக்கட்டும். டெனர் தம்பிக்குச் சொல்கிறேன்: மூச்சை எல்லோரும் ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொல் முடிகிற இடத்தில் எடுக்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் எடுப்பார்கள், ஓட்டை விழும். ‘மோ’ என்று இழுக்கும்போது நடுவில் சத்தமில்லாமல் நழுவி, மூச்சு எடுத்து, மெல்லிய குரலில் திரும்ப நுழையுங்கள், ‘ம’வை மறுபடி சொல்லாமல். இன்னொன்று, மொசார்ட் தொடக்கத்தில் ‘சோட்டோ வோச்சே’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார், அடக்கிய குரலில் என்று. பெரிதாக்கு, சிறிதாக்கு என்று வேறு எதுவும் கிடையாது. நடுவில் யாராவது உணர்ச்சிவசப்பட்டுக் கத்தினால் கடைசிக்கு மூச்சு மிஞ்சாது. ‘எஸ்தோ நோபிஸ்’ஸில் பெண்கள் முதலில் போவார்கள், நாம் பின்னாலேயே நுழைவோம், அந்தச் சின்ன இடைவெளியில் வயிறு நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் மெழுகுவர்த்தி முன்னால் நின்று…

டெனர் வரிசை:
மாமா, நான் அறிவுரை கேட்கவே இல்லை. மூச்சு தீர்ந்து நின்றது சொப்ரானோ, நான் டெனர். அக்கா, மரண வேளையின் சோதனையில் எங்களுக்குத் துணை வாரும் என்கிற மாதிரி முடிகிற பாட்டை அடக்கப் பூசையில் பாடாமல் வேறு எங்கே பாடுவதாம்?

ஆல்டோ அக்கா:
தாராளமாகப் பாடுங்கள். பாருக்கு இரண்டு அடி.