பிளஸ் டூ-ல வொக்கேஷனல் குரூப் (தொழிற்பிரிவு) படிச்சவங்க, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

லேத்துக்காரன்_கோவை
ரெண்டு வாரமா மனசுல ஓடிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். நான் 1997-99 ஜெனரல் மெஷினிஸ்ட், ஈரோடு பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. எப்படி அந்த குரூப் கிடைச்சுதுனு சொல்லவே வேண்டாம், எல்லாருக்கும் அதே கதைதான், கணக்குல 41, அப்பாவை வெளிய நிக்க வெச்சுட்டு "ஒர்க்‌ஷாப்ல போட்டுடுங்க"ன்னு ரெண்டே வார்த்தை. எங்க சார் 1978-ல தமிழ்நாட்டுல பிளஸ் டூ ஆரம்பிச்சப்பவே பார்ட் டைமா வேலைக்கு வந்தவர். லேத்துல, அதாவது கடைசல் மெஷின்ல, 25 மி.மீ. ராடைப் படிபடியா கடையுற ஸ்டெப் டேர்னிங் போடச் சொல்லுவார், வெர்னியர்ல 0.02 கூட இருந்தாலும் வாங்க மாட்டார், "25-னா 25 தாண்டா"ன்னு திருப்பிக் குடுத்துருவார். அதைவிட அவர் தினமும் சொல்றது ஒண்ணு இருக்கு, ராடைப் பிடிக்கிற சக்கை இறுக்குற சாவி இருக்கே, அந்த சக் கீயை சக்குலயே விட்டுட்டு ஸ்விட்ச் போட்டா அது பறந்து வந்து உன் மண்டையிலதான் அடிக்கும், சக்குல இருந்து கீயை எடுக்குற வரைக்கும் அது உன் கைதான்னு நினைச்சுக்கோ.

போன மாசம் டூப்ளிகேட் மார்க் ஷீட் விஷயமா அந்த ஸ்கூலுக்குப் போனேன். சார் ரிட்டயர் ஆனப்புறம் அந்த போஸ்ட்டுக்கு ஆள் போடல, குரூப்பையே எடுத்துட்டாங்க. ஒர்க்‌ஷாப் ஷெட்டுல சத்துணவு அரிசி மூட்டை. வாட்ச்மேன்கிட்ட கேட்டு உள்ள போனா லேத் அங்கயேதான் இருக்கு, அதோட அடித்தளமான பெட் மேல பூரா புறா எச்சம். சக்குல சாவி அப்படியே சொருகி இருக்கு. எங்க சார் இருந்திருந்தா அது நடந்தே இருக்காது. யாரோ கடைசியா தொட்டவங்க அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. கரண்டே இல்லாத ஷெட்டு, ஆனா கை தானா போய் அதை உருவிடுச்சு. துருப் பிடிச்சு இறுகிப் போயிருந்துச்சு, ரெண்டு தட்டு தட்டித்தான் எடுத்தேன். இன்னைக்கு கோவை கணபதில சொந்தமா ரெண்டு லேத் வெச்சிருக்கேன், பம்ப் ஷாஃப்ட் ஜாப் ஒர்க் பண்றேன், எல்லாமே அந்த மெஷின்ல கத்துக்கிட்டதுதாங்க.

பொன்னி_திருப்பூர்
படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சுங்ணா. நான் அக்கவுண்டன்சி அண்ட் ஆடிட்டிங், 2004-06. எங்க டீச்சர் பொம்மைக் கணக்கு குடுக்க மாட்டாங்க, பக்கத்து கூட்டுறவு சங்கத்துல இருந்து பழைய வவுச்சர் கட்டைக் கடன் வாங்கிட்டு வந்து எங்களையே டே புக், லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ்னு எழுத வைப்பாங்க. பற்றும் வரவும் டேலி ஆகலையா, வித்தியாசத்தை 9-ஆல வகுத்துப் பாரு, மீதி இல்லாம போச்சுன்னா எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பிருக்கு, அங்க இருந்து தேடுன்னு சொல்லுவாங்க.

பனியன் கம்பெனில சேர்ந்த ரெண்டாவது வருஷம், மார்ச் 31 ராத்திரி, 630 ரூபா இடிக்குது. எம்.காம் படிச்ச சாரும் ஆடிட்டர் ஆபீஸ் பையனும் பத்து மணி வரைக்கும் மண்டைய உடைச்சுக்கறாங்க. 630-ஐ ஒம்பதால வகுத்தா 70. கணக்கா போகுது. நான் டையிங் பார்ட்டி லெட்ஜரை எடுத்து விரல் வெச்சுட்டே வந்தேன், 4,180 இருக்க வேண்டிய இடத்துல 4,810. கால் மணி நேரம் ஆகல. சார் அசந்து போய் "எந்த காலேஜ்மா"ன்னார். பிளஸ் டூ-லயே படிச்சது சார், வொக்கேஷனல்னு சொல்ல வாய் திறக்கறதுக்குள்ள அந்தப் பையன் "ஓ, ஃபெயில் ஆகறவங்களை போடுற குரூப்பா"ன்னுட்டான். நான் உடனே "இல்ல, காமர்ஸ் குரூப்"ன்னு பொய் சொல்லிட்டேன். 630-ஐ கண்டுபிடிச்சது மறந்துரும் போல, அந்தப் பொய் மறக்க மாட்டேங்குது. எங்க டீச்சர் பேரை நானே அழிச்ச மாதிரி இருக்கு.

செல்வி_தென்காசி
எல்லாரும் பழசை நினைச்சு உருகுறீங்க, என்னால முடியல, மன்னிச்சுக்கோங்க. லேத் அண்ணனுக்கு தொழில் கைக்கு வந்துச்சு, பொன்னி அக்காவுக்கு வேலை கிடைச்சுச்சு. நான் நர்சிங் குரூப். வெள்ளை கோட்டு தைச்சுக் குடுத்தாங்க, பக்கத்து அரசு ஆஸ்பத்திரில வார்டு டூட்டிக்கு அனுப்புனாங்க, எங்க அம்மா ஊரெல்லாம் "எம்பொண்ணு நர்சுக்குப் படிக்குது"ன்னு சொல்லிட்டு இருந்துச்சு. இந்த சர்டிபிகேட்டை மட்டும் வெச்சு நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ண முடியாதுன்னு ரெண்டு வருஷத்துல ஒருத்தர் எங்களுக்கு சொல்லல. முதல் இன்டர்வியூல அந்த மேட்ரன் அம்மா சர்டிபிகேட்டை ஒரு விரலால மேஜை மேல இந்தப் பக்கம் தள்ளுனாங்க. "ரெஜிஸ்டர் நம்பர் எங்கம்மா?" அவ்வளவுதான். அம்மா வெளிய பெஞ்சுல பூ வெச்சுட்டு உக்காந்திருந்துச்சு.

குரூப்பை மூடுனதுக்கு வருத்தப்படுற லேத் அண்ணன் இதையும் சேர்த்து சொல்லணும். படிப்பைத் திறந்து வெச்சுட்டு அடுத்த கதவு எதுன்னு சொல்லாம விட்டதும் தப்புதான்.

வயரிங்_மூர்த்தி
நான் எலக்ட்ரிக்கல் குரூப், மோட்டார் ரீவைண்டிங் பண்ணுவேன், முதல் தடவை நான் சுத்துன காயில் போட்ட மோட்டார் ஓடினப்ப சார் என் தலையில கை வெச்சார், அதான் என் சம்பவம். செல்வி தங்கச்சிக்கும் மத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், யாராச்சும் உங்க வீட்டுல இப்ப படிச்சா கேட்டுக்கோங்க. பிளஸ் டூ வொக்கேஷனல் முடிச்சவங்களுக்கு அப்ரண்டிஸ் சட்டத்துலயே இடம் இருக்கு, சட்டம் 1961-ல வந்தது, 1986 திருத்தத்துல நம்மளையும் சேர்த்தாங்க, ஒரு வருஷம் கம்பெனில ட்ரெயினிங், மாசா மாசம் உதவித்தொகை, சென்னை தரமணில இருக்குற அப்ரண்டிஸ்ஷிப் போர்டுதான் தென் மாநிலங்களுக்கு பார்க்குது. நான் இதை பண்ணாம விட்டு மூணு வருஷம் வீணாக்கினேன். அப்புறம் பாலிடெக்னிக், தொழிற்பிரிவு படிச்சவங்க நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், டிப்ளமோ முடிச்சா அங்க இருந்து பி.இ. ரெண்டாம் வருஷம், என் தம்பி அப்படித்தான் போனான். நர்சிங்னா ஏ.என்.எம். ரெண்டு வருஷம், ஜி.என்.எம். மூணு வருஷம், இந்த மாதிரி நர்ஸ் படிப்பு ஒண்ணு முடிச்சாதான் கவுன்சில்ல பதிவு ஆகும், தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆபீஸ் குரூப் பசங்க தட்டச்சு லோயரோட நிறுத்தாதீங்க, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சைல டைப்பிஸ்ட் வேலைக்கு போகணும்னா தமிழ் இங்கிலீஷ் ரெண்டுல ஒண்ணாவது ஹையர் வேணும், இன்னொண்ணு லோயராவது இருக்கணும்.

செல்வி_தென்காசி
அண்ணே, இதெல்லாம் எனக்கு இப்ப தெரியும். நான் அப்புறம் ஏ.என்.எம். முடிச்சுட்டேன், வேலையிலதான் இருக்கேன். வழி கேட்டு எழுதல. அந்த விரல் தள்ளுனதைத்தான் சொல்ல வந்தேன்.

வயரிங்_மூர்த்தி
சரிம்மா, தப்பா எடுத்துக்காத. பதினேழு வயசுல எனக்கு யாரும் சொல்லல, அதான் நீட்டிட்டேன்.

லேத்துக்காரன்_கோவை
செல்வி சொன்னது உறுத்துதுங்க, எனக்கு கோயமுத்தூர் பக்கத்துல இருந்துச்சு, ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பா ஏறி இறங்க முடிஞ்சுது. அது இல்லாத ஊர்ல அதே குரூப் படிச்ச பையன் என்ன பண்ணியிருப்பான்னு இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. பொன்னி, உங்க டீச்சர் இருக்காங்களா? இருந்தா ஒரு போன் போட்டு அந்த 630 கதைய சொல்லிடுங்க, பொய் சொன்னதையும் சேர்த்து.

பொன்னி_திருப்பூர்
இருக்காங்கண்ணா. பவானியில பொண்ணு வீட்டுல. இந்த ஞாயித்துக்கிழமை நேர்லயே போறேன்.

பி.டி.ஏ_வாத்தியார்
நான் வேற ஒரு ஸ்கூல்ல பெற்றோர் ஆசிரியர் கழக சம்பளத்துல மெக்கானிக்கல் எடுக்கறேன், பதினெட்டு பசங்க, லேத் ஒண்ணுதான், அதுவும் லீட் ஸ்க்ரூ தேஞ்சு த்ரெட் (மரை) போட முடியாது. பசங்க த்ரெட் கட்டிங்கை போர்டுல படம் பார்த்துத்தான் படிக்கறாங்க. அண்ணா, அந்த ஷெட்டுல கியர் பாக்ஸ் நல்லா இருந்துச்சா, பெட்டுல குழி ஏதும் விழுந்திருந்துச்சா? அதை எங்க ஸ்கூலுக்கு மாத்தச் சொல்லி மனு எழுதலாம்னு இருக்கேன். எங்க எச்.எம். கையெழுத்துப் போடறேன்னுட்டார். மெஷின் எந்த நிலைமையில இருக்குன்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட வந்தா நல்லா இருக்கும்.

லேத்துக்காரன்_கோவை
பெட்டு தொடைச்சா போதும், குழி இல்ல. சனிக்கிழமை வர்றேன். சக் கீ என்கிட்டதான் இருக்கு, எடுத்துட்டு வந்துட்டேன்.