பினாங்கில் மாணவர் செலவுக்கு ஏற்ற உணவும் பொழுதுபோக்கும்: ஆலோசனை தேவை

புதுமாணவி_ஈப்போ:
வணக்கம். குளுகோரில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் இவ்வாண்டு சேர்ந்திருக்கிறேன். சொந்த வாகனம் இல்லாத எங்களைப் போன்றோர் வார இறுதியில் குறைந்த செலவில் உண்டு மகிழ ஏற்ற இடங்களைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தஞ்சோங்வாசி:
தங்கையே, முதலில் நாசி கண்டாரைச் சுவைத்துப் பாருங்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் குழம்புகளையும் காவடித் தண்டில் சுமந்து விற்றதிலிருந்து வளர்ந்த இவ்வுணவுக்கு, 1907இல் தொடங்கிய கேம்பல் சாலை ஹமீதியா உணவகம் இன்றும் பெயர்பெற்றது. பல குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்வதே முறை. ஆனால், கணவாய், இறால், மீன்முட்டை போன்றவை விலையை உயர்த்திவிடும் என்பதால், தட்டில் வைக்கும் முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவருக்கு ஒரு கோழித்துண்டும் வெண்டைக்காயும் தாராளமாகப் போதும். சைவம் என்றால் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். அருகிலேயே 1833இல் எழுந்த குவீன் சாலை மகா மாரியம்மன் கோயிலையும் தரிசிக்கலாம்.

மலையேறி:
தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனிலுள்ள கொம்தார் கட்டடம் வரை பேருந்தில் வந்துவிட்டால், நகருக்குள் கேட் (CAT) எனப்படும் இலவசப் பேருந்தில் சுற்றலாம். என் விருப்பம் 1884இல் அமைந்த தாவரவியல் பூங்கா; நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கிருந்து கொடிமலை உச்சிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள செங்குத்தான தார்ச்சாலையில் நடந்தே ஏறலாம். விடியற்காலையில், தண்ணீரோடு, நண்பர்களுடன் புறப்படுங்கள். அவ்வளவு தூரம் இயலாதவர்கள், பக்கத்திலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறலாம்.

புதுமாணவி_ஈப்போ:
இருவருக்கும் நன்றி. வரும் சனிக்கிழமை தண்ணீர்மலைக்குச் செல்கிறோம்.