ஒக்ரோபர் 31: காலைப் பிரார்த்தனையில் வாசிக்க என்ன இருக்கு?

வடலிக்கரை எழுதியது:

வணக்கம். மகள் தரம் 8. வாற வெள்ளி, ஒக்ரோபர் 31, காலைப் பிரார்த்தனையில் ‘வரலாற்றில் இன்று’ வாசிக்கிற முறை அவளுக்கு. மூன்று நிமிடம்தான் தருவார்கள். நேற்று இரவு என்னுடைய போனில் தேடி ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள், பார்த்தால் முதல் வரியே பூசணிக்காயில் கண், வாய் வெட்டி வைக்கிற ஹலோவீன். பிறகு 1984இல் இந்திரா காந்தியை மெய்க்காவலர்களே சுட்டது, 1875இல் வல்லபாய் பட்டேல் பிறந்தது, 1795இல் ஜோன் கீட்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் பிறந்தது. எல்லாம் சரிதான், ஆனால் கிளிநொச்சியில் நின்று வாசிக்கிற பிள்ளைக்கு இந்தப் பக்கத்துச் சங்கதி ஒன்றாவது வேண்டாமா? அப்பப்பா வேறு, “அண்டைக்குத்தானே பண்டாரவன்னியன் செத்தது, அதை எழுது” என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டை பிடித்த வன்னி அரசன் பண்டாரவன்னியனைத்தான் சொல்கிறார். அது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

முத்தையன்கட்டான்:

அப்பப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கோ, திகதி சரி, ‘செத்தது’ என்பதுதான் இடிக்கிறது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. சின்ன வயதில் ஐயா என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினார், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத வயது, அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சொல்லித் தந்தார். இந்த இடத்துக்கு அருகே கப்டன் வொன் ட்றிபேர்க் (ஆங்கிலேயர் படை அதிகாரி) பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்ரோபர் 31, அவ்வளவுதான். கொன்றார் என்று ஒரு சொல் இல்லை. வென்றவன் பக்கத்துக் கல் அது, கொன்றிருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பார்களா?

இன்னொன்று, அதையும் பிள்ளை சேர்த்துச் சொன்னால் நல்லது. அதே வருடம் ஓகஸ்ட் 25 பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தபோது அங்கிருந்து படகேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினது வேறு யாரும் இல்லை, இதே ட்றிபேர்க்தான்! இரண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை மூன்று பக்கத்தாலும் படை வந்த பிறகுதான் கற்சிலைமடு நடந்தது. கல்லில் பாதிக் கதைதான் இருக்கிறது. வவுனியா கச்சேரிப் பக்கம் போகிற ஆட்கள் சிலையைப் பார்த்திருப்பீர்கள், அங்கேயும் நின்று இதை யோசித்திருக்க மாட்டோம்.

சோக்குக்கட்டி:

ஓய்வுபெற்ற வாத்தி நான், அதனால் கொஞ்சம் நீளும், குறை நினைக்கவேண்டாம். ஹலோவீனை வெட்டிவிட்டு 1931 ஒக்ரோபர் 31 முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ சென்னையில் வெளிவந்ததைப் போடுங்கள். ரி. பி. ராஜலட்சுமி கதாநாயகி. அவர் தமிழில் பேச, மற்றவர் தெலுங்கில் பதில் சொல்வார், சனம் அதையும் பார்த்து ரசித்திருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்தால் மறக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒரு சோடி. 1517இல் இதே நாளில்தான் மார்ட்டின் லூதர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்து 95 கருத்துகளைப் பேராயருக்கு அனுப்பினார் (கதவில் ஆணி அடித்த கதையைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் தர்க்கம், அதைச் சொல்லாமல் விடலாம்). 1992இல் அதே ஒக்ரோபர் 31 பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், கலிலியோ விடயத்தில் திருச்சபை பிழைவிட்டதை ஒப்புக்கொண்டார், தீர்ப்பு 1633இல், ஒப்புக்கொள்ள 359 வருடம். 2000இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்குவதற்கு முதல் மூன்று பேரும் புறப்பட்டதும் அன்றுதான். உலக சிக்கன தினமும் அதே நாள், 1924 மிலான் மாநாட்டில் முடிவானது, ஆனால் அதை எப்படியும் அதிபர் ஐயா மைக்கில் சொல்லுவார், பிள்ளை நேரத்தை வீணாக்கவேண்டாம்.

கிளாலிக்காரி:

எல்லாரும் 1803, 1517 என்று தூரத்துக்குப் போகிறீர்கள். 1995 ஒக்ரோபர் 30 பின்னேரம், ஆமி யாழ்ப்பாணத்தை நெருங்க, புலிகள் ஒலிபெருக்கி கட்டி எல்லாரையும் வெளிக்கிடச் சொன்னார்கள். யாழ்ப்பாண நகரும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த வலிகாமமே ஒரு றோட்டில். 31 விடியும்போது நாங்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவில்லை, மழை, அம்மா சைக்கிள் கரியரில் தையல் மெசினின் தலையை மட்டும் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தா, மேசை வீட்டிலேயே நின்றுவிட்டது. அரிசியை விட்டுவிட்டு மெசினை ஏன் எடுத்தனீங்கள் என்று அப்பா வழி முழுக்கப் பேச்சு. பிறகு கிளாலியால் படகில் இந்தப் பக்கம் வந்து, தர்மபுரத்தில் அந்தத் தலைக்கு ஒரு பழைய மேசை தேடி, அதில் தைத்துத்தான் எங்கள் நாலு பேரையும் படிப்பித்தா. தங்கச்சி, மகளின் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

தண்ணீரூற்று:

அக்கா சொன்னது உண்மை. அதற்கு ஐந்து வருடம் முந்தி, 1990இலும் ஒக்ரோபர் 30தான், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது. எங்கள் ஆட்களும் அந்த ஒக்ரோபரில்தான் முல்லைத்தீவை விட்டு நடந்தது. நான் பிறந்தது புத்தளத்தில், உம்மா இன்னும் தண்ணீரூற்றுக் கிணற்றைப் பற்றித்தான் கதைப்பா. உங்கள் மகள் 31ஐ வாசிக்கட்டும், அது அவளுடைய முறை. முதல் நாள் வியாழன் யார் வாசிக்கிறது என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.

வடலிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. கேட்டேன், தரம் 9 பிள்ளை ஒன்றாம். மகள் இந்த இழையை அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். ஹலோவீன் போய்விட்டது. கற்சிலைமடு முதலில், பிறகு காளிதாஸ், கலிலியோ, கடைசியில் தையல் மெசின் (கிளாலிக்காரி அக்கா, பெயர் சொல்லாமல் வாசிக்கலாம்தானே?). மணிக்கூடு வைத்துப் பார்த்தோம், 4 நிமிடம் 10 செக்கன். இந்திரா காந்தியை ஒரு வரியாக்கினால் சரிவரும், கீட்ஸ்தான் பாவம். அப்பப்பா இன்னும் நம்பவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ பிடித்துக் கல்லைப் பார்க்கப் போகிறோம்.