கற்பனை நகரத்து மக்களின் சகுனங்களும் நம்பிக்கைகளும்: எங்கிருந்து தொடங்குவது?

ஐராவதிக்கரை (யாங்கோன்) கேட்கிறார்:

வணக்கம். இடைக்காலச் சாயலில் ஒரு கற்பனை உலகத்தைப் படைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிய ஆற்றின் வளைவில் செங்கற்கோயில்கள் நிறைந்த தலைநகரம் ஒன்று, அதன் மதிலுக்கு வெளியே கடல் கடந்து வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் தெரு ஒன்று. பர்மாவின் பழைய தலைநகரான பகான்தான் என் மாதிரி என்பதை வாசிப்பவர் எளிதில் கண்டுகொள்வார். ஊருக்கு உயிர் வரட்டும் என்று குறிப்பேட்டில் 40 நம்பிக்கைகளை எழுதி வைத்து, அத்தியாயத்துக்கு நான்கைந்தாகத் தூவினேன். பூனை குறுக்கே போகிறது, பல்லி சொல்கிறது, இரவில் சீழ்க்கை அடித்த சிறுவனைப் பாட்டி அதட்டுகிறாள். மூன்று அத்தியாயங்களைப் படித்த என் அக்கா, "எல்லாரும் சகுனம் பார்க்கிறார்கள், ஆனால் அதற்காக ஒருவராவது எடுத்து வைத்த காலைப் பின்வாங்கவில்லையே" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னது சரிதான். இந்த நம்பிக்கைகளை அந்த ஊர் மண்ணில் எப்படி வேர்பிடிக்க வைப்பது? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. என் கதையில் ஆவிகள் உண்மையாகவே இருக்கின்றன. ஆவி உண்மை என்றால், அதற்கு அஞ்சிச் செய்யும் சடங்கை மூடநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது?

மோல்மேன் ஆசிரியை (பணி ஓய்வு) பதில்:

தம்பி, 40இல் 37ஐ அடித்துவிடுங்கள். மூன்று போதும், ஆனால் அந்த மூன்றுக்கும் பின்னால் ஆறாத காயம் ஒன்று இருக்க வேண்டும்.

நம் பக்கத்து வீட்டுப் பர்மியர்கள் தூணில் தொங்கவிடும் தேங்காயை நினைத்துப் பாருங்கள். சிவப்புத் துணி கட்டிய அந்தத் தேங்காய், வீட்டைக் காக்கும் மஹாகிரிக்கு உரியது; பர்மியர்கள் 'நாட்' என்று வணங்கும் ஆவித் தெய்வங்களில் ஒருவர் அவர். தகாவுங் என்ற ஊரில் இருந்த கொல்லன் ஒருவனின் வலிமையைக் கண்டு அஞ்சிய அரசன், அவன் தங்கையை மணந்துகொண்டு, மைத்துனன் என்ற உரிமையில் நம்பி வந்தவனைச் செண்பக மரத்தில் கட்டி எரித்துவிட்டான் என்றும், தங்கையும் அதே தீயில் பாய்ந்தாள் என்றும் கதை சொல்கிறது. இருவரும் அந்த மரத்திலேயே ஆவியாகத் தங்கி, நிழலுக்கு ஒதுங்கியவர்களைக் கொல்லத் தொடங்கியதால், மரத்தை வெட்டி ஐராவதியில் விட்டார்கள். அது மிதந்து போய்ப் பகானில் கரை ஒதுங்க, அவ்வூர் அரசன் அண்ணனுக்கும் தங்கைக்கும் உருவம் செய்வித்துப் போப்பா மலையில் இருத்தினான். தீயில் வெந்தவனுக்குக் குளிர்ச்சி வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் உள்ளே தண்ணீர் உள்ள தேங்காய். எரித்தவன் ஓர் அரசன். இத்தனை நூற்றாண்டுகளாக அந்தச் சூட்டை ஆற்றுகிறவர்களோ வீடுதோறும் இருக்கும் குடியானவர்கள். இந்தக் கதை தெரியாத பேத்திகூடத் தண்ணீர் வற்றிய தேங்காயை மாற்றத் தவற மாட்டாள்.

உங்கள் வணிகர் தெருவுக்குப் பொருத்தமான இன்னொன்றும் உண்டு. போப்பாவுக்குப் போகும் வண்டியில் பன்றி இறைச்சியை எடுத்துச் செல்லக் கூடாது என்பார்கள். பகான் அரசன் அனவ்ரதாவுக்காகப் போப்பாவிலிருந்து மலர் கொண்டுவந்த பியாத்தா, கடல் கடந்து வந்த இஸ்லாமியன் என்பது கதை. அவனுக்கும், பூக்களையே உண்டு வாழ்ந்த மலைப்பெண்ணுக்கும் பிறந்த இரண்டு பிள்ளைகள், தவுங்பியோன் பகோடாவைக் கட்டும்போது தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு செங்கல் வைக்கத் தவறியதற்காகக் கொல்லப்பட்டு நாட் தெய்வங்கள் ஆனார்கள். அந்த இரண்டு செங்கற்களுக்கான வெற்றிடத்தை இன்றும் காட்டுகிறார்கள். ஆக, பௌத்தரான வண்டிக்காரர் ஒருவர், என்றோ வந்திறங்கிய அயலான் ஒருவனின் உணவு விலக்கைத் தம்மை அறியாமலே காத்துவருகிறார். உங்கள் தமிழ் வணிகர்களின் வழக்கம் ஏதாவது ஒன்றை நகரத்தார் இப்படி எடுத்துக்கொண்டு, அது தங்களுடையதே என்று சாதிக்கட்டும்.

பழைய கணக்கர் (யாங்கோன்) பதில்:

அம்மா சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் கதை மட்டும் போதாது. அந்த நம்பிக்கையால் யார் கைக்காசு போகிறது என்பதையும் நாவலாசிரியர் எழுத வேண்டும். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் பணத்தாள்கள் ஈடு எதுவும் இன்றிச் செல்லாதவை ஆக்கப்பட்டு, அதே மாதத்தில் 45, 90 கியாட் தாள்கள் வந்தன. ஆட்சியிலிருந்த நே வின்னுக்கு ஒன்பது ராசியான எண் என்றும், இரண்டு தொகைகளுமே ஒன்பதால் வகுபடுவதற்கு அதுவே காரணம் என்றும் ஊரே பேசிக்கொண்டது. பெட்டியில் பழைய தாள்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு எண் சாத்திரத்தில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

நம்பாதவர்கள் பிறருடைய நம்பிக்கையைக் கருவியாக்குவதும் உண்டு. பெண்கள் உடுத்தும் தமெய்ன் தொங்கும் கொடியின் கீழே நடந்தால் ஆணின் மகிமை குறையும் என்ற எண்ணம் இங்கே பழையது. 2021இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்த பெண்கள் அதையே தெருக்களின் குறுக்கே வரிசையாகக் கட்டினார்கள். படைவீரர்கள் நின்று அவற்றை அவிழ்த்த பிறகுதான் உள்ளே வர முடிந்தது. ஓட மறந்த பாத்திரத்துக்கு உயிர் தப்ப நேரம் கொடுக்க, உங்கள் கதையில் மந்திரவாதியே வேண்டாம், ஒரு துணிக்கொடி போதும்.

ஐராவதிக்கரை:

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. என் இரண்டாவது கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. என் ஊரில் செண்பக மரத்து ஆவி உண்மையாகவே ஆளைக் கொல்லும். அப்படியானால் தேங்காய் கட்டுவது, கொசுவுக்குப் பயந்து வலை கட்டுவது போன்ற முன்னெச்சரிக்கை ஆகிவிடுகிறதே?

தட்டோன் வாசகர் பதில்:

ஆவி இருப்பது உறுதியானாலும், எந்தப் பரிகாரம் அதைத் தணித்தது என்பது ஒருநாளும் உறுதியாகாது. காய்ச்சல் கண்ட குழந்தைக்காக ஒரே இரவில் தேங்காயை மாற்றுகிறார்கள், திருநீறு பூசுகிறார்கள், வேப்பிலை செருகுகிறார்கள், கசாயமும் கொடுக்கிறார்கள். விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. அடுத்த முறை இவற்றில் எதை விடத் துணிவார்கள்? ஒன்றையும் விட மாட்டார்கள். பலன் தராமலே தொடரும் அந்த மிச்சப் பரிகாரங்களில்தான் மூடநம்பிக்கை விளைகிறது.

அரசு இதில் தலையிட்டால் நிலைமை இன்னும் சுவையாகும். 1044 முதல் 1077 வரை ஆண்ட அனவ்ரதா, நாட் வழிபாட்டை ஒடுக்க முயன்று, முடியாமல், அத்தெய்வங்களை 37 என்று வரையறுத்து, இந்திரனுக்கு நிகரான தஜாமினை அவற்றுக்குத் தலைவனாக்கி, ஷ்வேசிகோன் பகோடா வளாகத்தில் இடம் கொடுத்தான் என்பது மரபு. பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால் பட்டியலில் இடம் கிடைக்காத ஆவிகளும் இருக்கும் அல்லவா? பெயர் சேர்க்கப்படாத அந்தச் சிறு தெய்வங்களை யார் வீட்டுக் கொல்லையில் ஒளித்து வைத்து வணங்குகிறார்கள் என்று யோசியுங்கள். எனக்கு நேரம் இருந்தால் நானே எழுதிவிடுவேன்.

பகானுக்கு அருகே மியின்கபாவில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை நீங்கள் அறிந்திருக்கலாம். மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்ற வணிகர், அந்த ஊரில் இருந்த நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு ஒரு மண்டபமும் கதவும் எரிவதற்கு ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததாக அது தமிழில் சொல்கிறது. அந்த விளக்கிலிருந்தே உங்கள் தெருவைத் தொடங்கலாம். எண்ணெய் ஊற்றுகிறவன் உள்ளூர்ப் பையனாக இருக்கட்டும். விளக்கு அணைந்த இரவில் ஒரு கப்பல் மூழ்கியது என்று எவரோ சொல்லிவிட, அன்றுமுதல் படகோட்டிகளின் மனைவியரும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வரட்டும். பயணத்துக்கு முதல்நாள் மாலையில் வணிகர் வீட்டு மூதாட்டிகள் நெல்லும் முல்லையும் தூவி நின்று, அயலார் பேச்சில் காதில் விழும் முதற்சொல்லை நற்சொல்லா என்று பார்க்கும் விரிச்சி கேட்டல் நம் சங்ககால வழக்கம். ஆனால் இந்த ஊரில் அயலார் பேசுவது வேறு மொழி ஆயிற்றே. பாதி புரிந்த சொல்லை வைத்துக்கொண்டு கப்பலை அனுப்புவதா நிறுத்துவதா என்று அவர்கள் தவிப்பதை எழுதுங்கள். உங்கள் அக்கா கேட்ட பின்வாங்கிய கால் அங்கே கிடைத்துவிடும்.

இன்னும் ஒன்று. நமக்கு ராகுகாலம் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம். புதன்கிழமையில் அது நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. பர்மியர்களோ புதன்கிழமையை நண்பகலில் இரண்டாகப் பிளந்து, பிற்பாதி முழுவதையும் ராகுவுக்கே கொடுத்து, வாரத்துக்கு எட்டு நாட்கள் ஆக்கிவிட்டார்கள். பிறந்த கிழமைக்கு ஒரு விலங்கு என்பது அவர்கள் கணக்கு: புதன் காலையில் பிறந்தவருக்குத் தந்தமுள்ள யானை, பிற்பகலில் பிறந்தவருக்குத் தந்தமில்லாத யானை. நம் வணிகன் ஒன்றரை மணிக்குச் சரக்கை ஏற்றச் சொல்வான், உள்ளூர்ப் படகோட்டியோ ராகு இன்னும் போகவில்லை என்று துடுப்பைத் தொட மாட்டான். ஒரே ராகுவுக்கு இருவரும் அஞ்சுவதால்தான் இந்தச் சண்டை.

ஐராவதிக்கரை:

ஐயா, புதன்கிழமை நண்பகலை ஒட்டி ஒரு குழந்தை பிறப்பதாக இப்போதே ஓர் அத்தியாயத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கடிகாரம் இல்லாத அந்த ஊரில் எந்த யானை என்று யார் முடிவு செய்வது?

பழைய கணக்கர்:

அரண்மனையில் நாழிகை வட்டிலைப் பார்த்து முரசு அறைகிறவன் ஒருவன் இருப்பான். பிள்ளையின் தகப்பன் அவனுக்கு எவ்வளவு கொடுத்தான் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.