ஃபிளாஸ்க் ஆப் முழுக்க ஒரே ஃபைலில் கிடக்கிறது, எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
மாமாவின் பாத்திர வாடகைக் கடைக்கு ஃபிளாஸ்கில் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் கருவி) ஒரு சின்ன ஆப் எழுதினேன். எந்த அண்டா யாரிடம் போயிருக்கிறது, அட்வான்ஸ் எவ்வளவு, என்றைக்குத் திரும்பி வரும், இவ்வளவுதான். ஆனால் ஆப் ஃபைல் 1,400 வரிக்கு வளர்ந்துவிட்டது. நேற்று டேபிள் கிளாஸ்களை மட்டும் மாடல்ஸ் என்ற தனி ஃபைலுக்கு மாற்றினேன், உடனே சர்குலர் இம்போர்ட் எரர், அதாவது இரண்டு ஃபைலும் ஒன்றையொன்று இம்போர்ட் செய்கிறதாம். ஃபங்ஷனுக்குள் இம்போர்ட் போட்டால் ஓடுகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை.

பதில் 1:
மாடல்ஸுக்கு வேண்டிய டிபி (டேட்டாபேஸைக் கையாளும் ஆப்ஜெக்ட்) ஆப் ஃபைலில் இருக்கிறது, ஆப்புக்கோ மாடல்ஸ் வேண்டும், அதனால்தான் சிக்குகிறது. டிபியை எக்ஸ்டென்ஷன்ஸ் என்று ஒரு ஃபைலில், ஆப்பைக் கொடுக்காமலே உருவாக்கி வையுங்கள். அப்புறம் ஆப்பை உருவாக்கித் தர கிரியேட்_ஆப் என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் டிபியின் இனிட்_ஆப்பைக் கூப்பிட்டு இரண்டையும் இணையுங்கள். இன்னொன்று, ஆப் ஃபைலை நேரடியாக ஓட்டினால் பைத்தான் அதற்கு மெயின் என்று பெயர் வைத்துக்கொள்ளும். மாடல்ஸ் அதையே ஆப் என்ற பெயரில் இம்போர்ட் செய்யும்போது மறுபடி முதல் வரியிலிருந்து ஓட்டும். எரரில் அதே ஃபைல் இரண்டு தடவை வருகிறதா, பாருங்கள்.

பதில் 2:
அது முடிந்ததும் புளூபிரிண்டாக (ஆப்பின் பக்கங்களைத் தனித்தனிக் குழுவாக்கும் ஃபிளாஸ்க் வசதி) பிரியுங்கள், ஆனால் கடை வேலையை வைத்து: வாடகை, வாடிக்கையாளர், பில். பிரித்த பிறகு, புளூபிரிண்டுக்குள் போன பக்கங்களுக்கு முகவரி தரும் யூஆர்எல்_ஃபார் ஃபங்ஷன் உள்ள இடமெல்லாம் புளூபிரிண்ட் பெயரையும் ஒரு புள்ளியையும் முன்னால் சேர்க்க வேண்டும், டெம்ப்ளேட்டில் ஒன்று விட்டாலும் அந்தப் பக்கம் திறக்கும்போது பில்ட் எரர்தான். இரண்டு புளூபிரிண்டின் டெம்ப்ளேட் ஃபோல்டரிலும் லிஸ்ட் என்று ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் ஒன்றுதான் எடுபடும், அதனால் உள்ளே இன்னொரு ஃபோல்டர் போட்டு வையுங்கள். நான் அரை நாள் தேடியது இதற்குத்தான்.

பதில் 3:
நான் வேறு இடத்தில் ஆரம்பிப்பேன். தாமதமாகத் திரும்பினால் எவ்வளவு, உடைந்த பாத்திரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் இப்போது ரூட்டுக்குள் (ஒரு யூஆர்எல்லுக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) தானே இருக்கும்? தேதியும் எண்ணிக்கையும் வாங்கிக்கொண்டு தொகையைத் திருப்பித் தரும் சாதாரண ஃபங்ஷனாக அதை முதலில் வெளியே எடுங்கள். பிரவுசரே திறக்காமல் டெஸ்ட் எழுதலாம். மாமாவுக்குப் பணம் தவறிப்போகக் கூடிய இடம் அதுதான்.

கேட்டவர்:
ஆமாம், எரரில் இரண்டு தடவை வந்தது! எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபைல் போட்டதும் சரியாகிவிட்டது. இப்போது ஷெல்லில் டேபிள் உருவாக்கப் போனால் ஆப் கான்டெக்ஸ்ட் (எந்த ஆப்புக்காக ஓடுகிறது என்று சொல்லும் சூழல்) இல்லை என்கிறது.

பதில் 1:
கிரியேட்_ஆப் கூப்பிட்டு, அது தரும் ஆப்பின் ஆப்_கான்டெக்ஸ்டை வித் போட்டுத் திறந்து, அதற்குள் டேபிள்களை உருவாக்கும் டிபியின் கிரியேட்_ஆல் ஓட்டுங்கள். அதற்கு முன் மாடல்ஸை இம்போர்ட் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் எரரே வராது, டேபிளும் வராது.