தேவனாம்பட்டினம் வீடு

சேகர் மாமா: கார்த்தி, வீடியோ பார்த்தாயா? ஸ்கேன் எடுக்கிற அதே ஒலி, கூட ஏதோ நானோ மருந்து. பெரியக்காவின் ஈரல் கட்டிக்குக் கத்தியே வேண்டாமாம். நாளைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

விஜி சித்தி: எவ்வளவு

சேகர் மாமா: ஒன்றரை லட்சம். முதல் தவணை.

விஜி சித்தி: அம்மாடி

கார்த்தி: மாமா, கட்டாதீர்கள். முழுசாகப் படியுங்கள். ஒலியால் மருந்தைத் தூண்டுகிற யோசனை 1989இலேயே ஜப்பானில் வந்துவிட்டது. இப்போது டைட்டானியம் டை ஆக்சைடு மாதிரி நானோ நுண்துகள்களை உடம்பில் ஏற்றி, கட்டி இருக்கிற இடத்தில் அல்ட்ராசவுண்டைக் குவிக்கிறார்கள், துகள் தூண்டப்பட்டு செல்லைச் சிதைக்கிற ஆக்சிஜன் வகைகள் அங்கேயே உண்டாகும். இதையே ஒளியை வைத்தும் செய்யலாம், ஆனால் ஒளி சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும், ஒலி பல சென்டிமீட்டர் போகும். அதனால்தான் ஈரல் மாதிரி ஆழத்தில் இருக்கிற உறுப்புக்கு இது வராதா என்று எல்லோரும் ஏங்குகிறார்கள், நானும்தான். ஆனால் நுண்துகள் வேலை பெரும்பாலும் இன்னும் எலியில்தான் நடக்கிறது.

லதா அத்தை: எலியா??

சேகர் மாமா: அப்பாவுக்கும் இப்படித்தான் பொறு பொறு என்றீர்கள்.

விஜி சித்தி: அதை இப்போது எடுக்காதே சேகர். அன்றைக்கு வைத்த என் வளையல் இன்னும் சேட்டுக் கடையில்தான் இருக்கிறது.

லதா அத்தை: மாசிமகத்துக்குள் மீட்டுத் தருகிறேன் என்றாரே

விஜி சித்தி: எந்த வருஷ மாசிமகம்

மணி: சித்தி, அம்மாவும் இந்த குரூப்பில் இருக்கிறார்

கார்த்தி: இன்னொன்று மாமா. வீடியோவில் காட்டுகிற மெஷின் ஹிஸ்டோட்ரிப்சி, ஒலியாலேயே கட்டியை உடைப்பது. ஈரல் கட்டிக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. அதில் நானோவே கிடையாது, இரண்டையும் கலந்து போட்டிருக்கிறார்கள். நிஜமான சோதனை என்றால் சிடிஆர்ஐ, அதாவது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், தரவில்லையென்றால் போனை வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் பெரியம்மாவின் டாக்டரிடம் வீடியோவையே காட்டிக் கேட்போம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேகர் மாமா: எண் கேட்டேன். மேனேஜர் கூப்பிடுவார் என்கிறார்கள்.

கார்த்தி: பார்த்தீர்களா

மணி: கோரிமேட்டுக்கு யார் வருகிறீர்கள்? ஆறரைக்காவது கிளம்பணும். பழைய ஸ்கேன் சிடி எல்லாம் யாரிடம்?

லதா அத்தை: எங்கள் பீரோவில். மஞ்சள் பை.

விஜி சித்தி: நான் வருகிறேன். கார் கிடைக்குமா, அக்காவால் பஸ்ஸில் உட்கார முடியாது

சேகர் மாமா: கார் தருகிறேன். பணம் விஷயம் நாளை சாயங்காலம் வரை பார்க்கலாம்.

மணி: மாமா வேண்டாம்

பெரியக்கா: என்னை யாரும் கேட்கவில்லை. நான் டாக்டர் சொல்வதைத்தான் கேட்பேன். லதா, அந்த மஞ்சள் பையில் என் கண்ணாடியும் இருக்கும், பார்.